மூன்றாம் பாகம்

விக்டோரியா காலத்து நாவலாசிரியரின் பிற்கால வாழ்க்கை என்று யாராவது பேச்செடுத்தால் நம்மில் பலருக்கு டிக்கன்ஸ் ஞாபகம்தான் வரும். மேடை மேடையாக ஏறித் தம் கதைகளையே வாசித்துக் காட்டி, உடம்பைக் கெடுத்துக்கொண்டு, கடைசி நாவலைப் பாதியில் விட்டு 1870ல் இறந்துபோனவர். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் ஹார்டியை நினைத்துக்கொள்வார்கள். கடைசிப் பெரிய நாவலுக்குக் கிடைத்த வசவைப் பார்த்து இனிமேல் நாவலே எழுதுவதில்லை என்று வைத்துவிட்டு, 1928ல் கண்ணை மூடும் வரையில் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

தமிழிலும் விக்டோரியா காலத்து நாவலாசிரியர்கள் இருந்தார்கள் என்பது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. அந்த மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். அதற்குள் தமிழில் பெயர் சொல்லும்படியான நாவல் எழுதியவர்கள் என்று மூன்று பேரை எல்லாப் பாடப்புத்தகங்களும் வரிசையாகச் சொல்லும். வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகத்தை விட்ட பிறகு, ஐம்பதைத் தாண்டி, 1879ல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். அவருக்கு நாவலே பிற்கால வாழ்க்கை, 1889ல் காலமானார். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமையர் 1898ல், இருபத்தாறு வயதில் போய்விட்டார். அவருக்குப் பிற்காலம் என்ற ஒன்றே இல்லை. மகாராணியைத் தாண்டி இன்னும் இருபத்துநாலு வருஷம் இருந்தவர் மூன்றாமவர் ஒருவர்தான், பத்மாவதி சரித்திரத்தின் ஆசிரியர் அ. மாதவையா.

அந்த இருபத்துநாலு வருஷத்தைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. நான் ஒரு தப்பான அபிப்பிராயத்தைச் சபையில் சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

திண்டிவனத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். ஆரம்ப கால நாவல்களைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். மாதவையாவுக்கு வந்தபோது நான் கொஞ்சம் உற்சாகமாகவே பேசினேன். 1898ல் பத்மாவதி சரித்திரம் முதல் பாகம், மறு வருஷமே இரண்டாம் பாகம், 1903ல் முத்துமீனாட்சி. அதோடு சரி. பிறகு அந்த மனிதர் இங்கிலீஷுக்குப் போய்விட்டார், சீர்திருத்தத்துக்குப் போய்விட்டார், தமிழ் நாவல் ஒரு நல்ல எழுத்தாளரை இழந்தது. இப்படி ஒரு போடு போட்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் பெருமுக்கல்லுக்குத் திரும்பினேன். பக்கத்து ஸீட்டில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார். எண்பதை நெருங்குகிறவர். ஊர் எல்லை வரும் வரையில் ஒன்றும் பேசவில்லை. மலை தெரிந்ததும் கேட்டார்:

"நல்லாத்தாம்பா பேசினே. கிளாரிந்தா படிச்சிருக்கியா?"

"இல்லை சார்."

"குசிகர் கதைகள்?"

"ரெண்டு மூணு படிச்சிருக்கேன் சார்."

"அப்போ எதை வெச்சுப்பா சொன்னே?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். சாகித்திய அக்காதெமி 2005ல் மறுபதிப்பாக வெளியிட்ட கிளாரிந்தாவை எடுத்துக் கொடுத்தார். அட்டை போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து தொடங்கி மற்றவற்றையும் தேடிப் படித்தேன். அந்தப் படிப்பின் கணக்குத்தான் இந்தக் கட்டுரை.

மாதவையாவுக்குச் சோறு போட்டது உப்பு. அவர் 1872ல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, உப்பு இலாகாவில் உத்தியோகஸ்தரானார். இந்த விவரத்தை எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு அப்படிப் போக முடியாது. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து திண்டிவனம் போகிற சாலை எங்கள் மலையடிவாரத்தின் வழியாகத்தான் போகிறது. மூட்டைகளில் கசிந்த உப்பு நீரால் சாலை ஓரம் பூத்துப்போய்க் கிடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வரி எடுபட்ட 1947க்கு முந்திய காலத்தில் அந்த உப்பு சர்க்கார் கணக்கில் ஏறாமல் ஓர் அடி நகர முடியாது. அளத்துக்குக் காவல், வண்டிக்குச் சீட்டு. ஏழை எளியவன் உவர்மண்ணைச் சுரண்டிக் காய்ச்சினாலும் குற்றம். இந்தக் காவலுக்கு மேல் பார்வையாளராகக் கடற்கரை கடற்கரையாகச் சுற்றுவதுதான் மாதவையாவின் உத்தியோகம்.

அந்த உத்தியோகம் ஒரு நாவலாசிரியருக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தேன். மனிதர்களைக் காட்டும், சந்தேகமில்லை. மீனவன், வண்டிக்காரன், குத்தகைக்காரன், பொய்க்கணக்கு எழுதுகிறவன், மேலே உட்கார்ந்திருக்கிற துரை, எல்லோரும் தினமும் கண்ணில் படுவார்கள். ஆனால் ஓர் ஊரில் உட்கார்ந்து நிதானமாகப் பெரிய நாவல் எழுத அது இடம் கொடுக்காது. இன்னொன்றும் உண்டு. பகல் முழுவதும் இங்கிலீஷில் அறிக்கை எழுதுகிற கை, ராத்திரியில் அதே பாஷையில் கதை எழுதத் தொடங்குவதில் அதிசயம் இல்லை. சர்க்கார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதுகிற என் நண்பர்கள் சிலர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். (வேதாரண்யத்தில் உப்பை அள்ளி ஜனங்கள் சிறைக்குப் போன 1930ல் மாதவையா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அதைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உண்டு.)

தில்லை கோவிந்தன் 1903ல் இங்கிலீஷில் வெளிவந்தது. பிறகு 1909ல் சத்தியானந்தன், 1915ல் கிளாரிந்தா, அதை ஒட்டி லெப்டினெண்ட் பஞ்சு. இவற்றுக்கு நடுவில் குசிகர் என்ற புனைபெயரில் ஹிந்து பத்திரிகையில் குட்டிக் கதைகள். பால்ய விவாகம், விதவைகளின் நிலை, வரதட்சிணைப் பேரம் என்று எல்லாம் ஒரே திசையில் அடிக்கிற கதைகள். தமிழில் சிறுகதைக்கு வ.வே.சு. ஐயர் 1915ல் கால்கோள் இட்டார் என்று சண்டை போட்டுக்கொண்டே சொல்லி வருகிறோம். அதே காலத்தில் ஒரு தமிழர், தமிழ் வீடுகளைப் பற்றி, இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

குசிகர் கதைகளை முழுக்கப் படித்தபோது என் திண்டிவனம் தீர்ப்பு பாதி சரி என்றுதான் பட்டது. இந்தக் கதைகளில் பலவற்றுக்கு இரண்டாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. அதில் வருகிற மாமியார் கொடுமைக்காரியாக இருப்பதற்காகவே வருகிறாள். வைதிகர் தோற்பதற்காகவே வாதம் செய்கிறார். பத்மாவதி சரித்திரத்தில் அப்படி இல்லை. அங்கே நாராயணன் படித்தவன், பெண்களும் படிக்க வேண்டும் என்கிற கட்சிக்காரன், மனைவியிடம் பிரியம் உள்ளவன். இருந்தும் ஒரு சந்தர்ப்பத்தில் அந்தப் பத்மாவதியையே சந்தேகிக்கிறான். சீர்திருத்தம் பேசுகிறவனின் அடிமனத்தில் பழைய ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பதை இருபத்தாறு, இருபத்தேழு வயதில் பார்த்துவிட்ட ஆசிரியர், நாற்பதில் அதை மறந்தது போல எழுதுகிறாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. எதிரியை வெளியே பார்த்தவுடன் எழுத்தாளருக்கு உள்ளே பார்க்கிற கண் மங்கிவிடுகிறது போலும்.

ஆனால் ஏன் இங்கிலீஷ்? நான் மேடையில் சொன்ன மாதிரி அது வெறும் மோகம் அல்ல. ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டிப் பதினொன்றில் அதை அறுக்கிற வழக்கத்தை மாற்றக் கூடியவர்கள் யார்? வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், சட்டசபைக்குப் போகிறவர்கள். அவர்கள் படித்தது ஹிந்து. மாதவையா நேரே அவர்களுடைய சாய்வு நாற்காலிக்குக் கதையை அனுப்பினார். கணக்குச் சரிதான். கணக்கில் விட்டுப்போனது ஒன்று. முன்கூடத்தில் அப்பா அந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அதே வீட்டின் பின்கட்டில் கதையின் நாயகி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தன்னைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியாது.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மாதவையாவே தெரிந்துகொண்டார் என்பதற்கு அவர் செய்த காரியமே சாட்சி. ஓய்வு வயது வருமுன்பே உத்தியோகத்தை விட்டு மயிலாப்பூரில் உட்கார்ந்த அவர், 1924ல் அந்த இங்கிலீஷ்க் கதைகளைத் தம் கையாலேயே தமிழாக்கி, குசிகர் குட்டிக் கதைகள் என்று வெளியிட்டார். எழுதி முடித்த கதையை வேறு பாஷையில் திரும்ப எழுதுவதைப் போல அலுப்பான வேலை எழுத்தாளருக்கு இல்லை. நான் என் சொந்தக் கதை ஒன்றை ஒரு முறை இங்கிலீஷாக்கப் பார்த்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தியவன். ஐம்பதைத் தாண்டியவர் ஒரு புஸ்தகம் முழுக்க அந்த அலுப்பைப் பட்டார் என்றால் யாருக்காகப் பட்டார்? முன்கூடத்துக்காரர் ஏற்கெனவே படித்துவிட்டாரே.

இந்த இடத்தில்தான் மாதவையாவின் ஒரு குணம் எனக்குப் புரிந்தது. புரிந்தபின் ஆரம்பத்திலிருந்தே அது இருப்பது தெரிந்தது. 1892ல், இருபது வயதில், அவர் விவேக சிந்தாமணியில் சாவித்திரி சரித்திரம் என்று ஒரு தொடர்கதை தொடங்கினார். அதற்கு முந்திய வருஷம்தான் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிச் சட்டம் வந்து நாடு முழுவதும் ஒரே கூச்சல். அந்தச் சமயத்தில் ஒரு பிராமணப் பெண்ணே தன் கதையைச் சொல்வது போல எழுதினார். தொடர் பாதியில் நின்றுபோயிற்று. வேறு யாராவதாக இருந்தால் அத்தோடு தலைமுழுகியிருப்பார்கள். பதினொரு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் வைத்து, கதையை முடித்து, முத்துமீனாட்சி என்று 1903ல் புஸ்தகமாக்கினார். விதவையான பெண் மறுமணம் செய்துகொள்கிறாள் என்ற முடிவோடு.

நின்றுபோனதற்கு மாதவையா திரும்பி வருகிறார். சாவித்திரிக்குப் பதினொரு வருஷம் கழித்து. குசிகருக்கு ஓர் ஆயுள் உத்தியோகம் முடிந்த பின். பத்மாவதிக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து. "போய்விட்டார்" என்று நான் மேடையில் சொன்னேனே, அந்த வார்த்தை இங்கேதான் பொய்யாகிறது.

பத்மாவதியின் மூன்றாம் பாகத்துக்குப் போவதற்கு முன் கிளாரிந்தாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷில் அவர் எழுதியவற்றில் கலைப் பொருளாக நிற்பது இதுதான் என்பது என் அபிப்பிராயம். கதை சரித்திரத்தில் உள்ளது. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை ஒருத்தியை உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற இங்கிலீஷ் ராணுவ அதிகாரி காப்பாற்றினார் என்பது பரம்பரையாக வருகிற பேச்சு. அவருடன் அவள் பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவளுக்குக் கொடுப்பதற்கில்லை என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778ல் கொடுத்தார். அவள் கட்டிய கோயில் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்ற பெயரோடு இருக்கிறது.

நான் இதைப் படித்தது மலைமேல். வேண்டுமென்று செய்யவில்லை, கோடையில் சாயங்காலம் காற்று வாங்க அங்கே போவது வழக்கம். அந்தப் புஸ்தகத்துக்கு அந்த இடம் பொருந்திவிட்டது. இங்கிலீஷ்காரர் பெர்மகாயில் என்று எழுதிவைத்த கோட்டை இதுதான். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1760ல் இங்கிலீஷ்காரர் பிடித்தார்கள். பிறகு ஹைதர் காலத்துச் சண்டைகளிலும் அடிபட்டது. இன்று இடிந்த மதிலும் சரிந்த கற்களும்தான் மிச்சம். இந்தக் கற்கள் சரிந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் கிளாரிந்தாவின் கதை நடக்கிறது. நவாபு, மராட்டிய ராஜா, கும்பினிப் பட்டாளம் என்று யார் ராஜ்யம் என்றே தெரியாத காலம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண்ணின் மனசு எந்தப் பிடிமானத்தில் நிற்கும் என்பதுதான் நாவல்.

இந்த நாவலில் மாதவையா அவசரப்படவில்லை. குசிகருக்குச் சரி எது, தப்பு எது என்பதில் சந்தேகமே கிடையாது. கிளாரிந்தாவின் ஆசிரியருக்கு உண்டு. அவர் ஹிந்துவாகவே இருந்தவர். சத்தியானந்தனில் மிஷனரிகளைக் குறை சொல்லத் தயங்காதவர். அவரே மதம் மாறிய ஒரு பெண்ணின் பக்கத்தில் இத்தனை பரிவோடு நிற்கிறார். தாலி இல்லாத அந்த உறவைக் கொச்சைப்படுத்தவும் இல்லை, அதற்காக வக்காலத்து வாங்கவும் இல்லை. மறுத்த பாதிரியாரையும் வில்லனாக்கவில்லை. எதிராளி நூற்றைம்பது வருஷத்துக்கு அப்பால் இருந்ததால்தான் அவருக்கு இந்த நிதானம் கிடைத்ததோ என்னவோ. மேடையில் நான் இழந்ததாகச் சொன்ன அந்த நாவலாசிரியர் இங்கே இருக்கிறார். நான்தான் போய்ப் பார்க்கவில்லை. குறை என்று சொன்னால், வசனங்கள் சில இடங்களில் இங்கிலீஷ் நாடகம் போல நடக்கின்றன. தஞ்சாவூர்ப் பெண்ணின் வாயில் அந்தப் பேச்சு ஒட்டவில்லை. தமிழில் எழுதியிருந்தால் அவள் எப்படிப் பேசியிருப்பாள் என்ற ஏக்கம் புஸ்தகம் முழுக்க என்னை விடவில்லை. பிற்பாடு பிறர் செய்த மொழிபெயர்ப்பு வந்தது என்றாலும் அது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றவருக்குச் சொந்த அச்சுக்கூடம் இருந்தது. 1924ல் பஞ்சாமிர்தம் என்று மாதப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை நடத்திக் கைப்பொருளைக் கரைத்த தமிழ் எழுத்தாளர்களின் ஜாபிதா நீளமானது. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. அந்தப் பத்திரிகையில்தான் பத்மாவதி சரித்திரம் மூன்றாம் பாகம் தொடங்கியது.

நாவலாசிரியனாக எனக்கு அதுவே ஆச்சரியம். முதல் இரண்டு பாகமும் எழுதிய வாலிபர் வேறு, ஐம்பத்திரண்டு வயதுக்காரர் வேறு. நடுவில் அந்த வாலிபர் நம்பிய பல காரியங்கள் நடக்காமல் போய்விட்டன. பால்ய விவாகத்துக்குச் சட்டம் வந்ததுகூட அவர் மறைந்த பிறகு, 1929ல்தான். நாராயணனும் பத்மாவதியும் சேர்ந்துவிட்டார்கள், சுபம் என்று விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. ஹார்டி நாவலை விட்டபின் திரும்பிப் பார்க்கவில்லை. மாதவையா பார்த்தார். முற்றுப்பெறாத கதையை எடைபோடுவது நியாயமல்ல. ஆகவே அது நன்றாக வந்திருக்குமா என்று நான் சொல்லப் போவதில்லை. டிக்கன்ஸின் பாதி நாவலுக்கு ஆளுக்கொரு முடிவு எழுதிப் பார்த்தார்கள். பத்மாவதிக்கு அந்த வம்பு நேரவில்லை.

1925 அக்டோபர் 22. சென்னை சர்வகலாசாலையின் செனட்டில் அவர் அங்கத்தினர். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று செனட் ஹவுஸில் பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. வயது ஐம்பத்துமூன்று. பதினெட்டு வருஷத்துக்குமேல் இங்கிலீஷில் எழுதியவரின் கடைசிப் பேச்சு தமிழுக்காக என்று இதை அழகாகச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த அழகில் அவ்வளவு நாட்டம் இல்லை. முன்கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த கதவைப் பற்றி அவர் பேசினார் என்றுதான் நினைக்கிறேன். பட்டம் வாங்குகிறவன் தன் வீட்டுப் பெண்களின் பாஷையில் படிக்கவும் எழுதவும் தெரியாமல் வெளியே வரக்கூடாது. பி.ஏ. வரையில் போகாத எனக்கு இந்த வாதம் சுலபமாகப் புரிகிறது.

அவருடைய மருமகன் முறையான பெ.நா. அப்புஸ்வாமி தம் நீண்ட ஆயுள் முழுவதும் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். பிள்ளைகளில் அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாக இருந்தவர். இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினார். தகப்பனார் இறந்தபோது பதின்மூன்று வயதாக இருந்த கிருஷ்ணன், காட்டு மிருகங்களைப் பற்றி இங்கிலீஷில் ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட எழுதிப் பேர் வாங்கிவிட்டு, ஆயுள் முடிகிற சமயத்தில் தமிழில் ஒரு நாவல் வெளியிட்டார். குடும்பத்திலேயே உள்ள பழக்கம் போலிருக்கிறது.

கிளாரிந்தாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பாதி தப்பு சார். குசிகர் விஷயத்துல நான் சொன்னது கொஞ்சம் சரி."

"கிளாரிந்தா விஷயத்துல?"

"அதுல முழுக்கத் தப்பு."

"இதைத் திண்டிவனத்துல சொல்லுவியா?"

சித்திரைக்குப் பிறகு அங்கே அடுத்த கூட்டம். தலைப்பைக் கேட்டு எழுதியிருந்தார்கள். மாதவையா என்றே போட்டு அனுப்பிவிட்டேன்.